ஆய்வுக்கூடத்திலிருந்து அடுக்களைக்கு

பயன் தராத கல்வியிலிருந்து இறைவனிடம் பாதுகாவல் தேடுமாறு அண்ணல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்துள்ளார்கள். நோய் எதுவாயினும் அதற்குரிய நிவாரணத்தையும் இறைவன் அருளியே இருக்கிறான் என்பதும் அவர்களது அருள்மொழியின் கருத்தாகும். இவ்விரண்டையும் இணைத்து எண்ணும்போது நம் உள்ளத்தில் ஒரு வினா எழுகின்றது. மருந்து இருக்கிறது, அதனைக் கண்டறிந்து கூறிய ஆய்வும் இருக்கிறது, ஆயினும் நோயுற்ற குழந்தையின் வாய்க்கு அது சென்று சேரவில்லையெனில் அக்கல்வியைப் பயன் தந்த கல்வி எனக் கூற இயலுமா?

ஆய்விதழில் அச்சேறியவுடன் ஓர் ஆய்வு நிறைவுற்றதாகவே நம்மில் பலர் கருதுகின்றோம். உண்மையில் அதன் நெடும்பயணம் அப்போதுதான் தொடங்குகின்றது. ஆய்வின் முடிவு அரசின் கொள்கையாக வேண்டும். கொள்கை மருத்துவமனையின் நடைமுறையாக வேண்டும். நடைமுறை இல்லத்தின் வழக்கமாக வேண்டும். இம்மூன்று படிகளில் எங்கே தடை நேர்கிறது, அத்தடை எவ்வாறு நீங்குகிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டின் வாயிலாக விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். வயிற்றுப்போக்கிற்குத் தரப்படும் உப்பு சர்க்கரைக் கரைசலின் வரலாற்றையே நாம் ஈண்டு எடுத்துக்கொள்கின்றோம்.

பழைய பாடம் ஒன்று

அறிவு காலந்தாழ்த்திப் பயன்படுவது புதிய செய்தியன்று. 1747ஆம் ஆண்டில் 'சாலிஸ்பரி' என்னும் ஆங்கிலேயப் போர்க்கப்பலின் மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட், ஸ்கர்வி நோயால் வாடிய 12 மாலுமிகளை இருவர் இருவராகப் பிரித்து ஆறு வகையான பொருள்களைக் கொடுத்துச் சோதித்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் உண்ட இருவரே விரைந்து நலம் பெற்றனர். 1753இல் அவர் அதனை நூலாகவும் வெளியிட்டார். எனினும் கடற்படையினர்க்கு எலுமிச்சைச் சாறு முறையாக வழங்கப்படும் நிலை 1795இல்தான் வந்தது. இடைப்பட்ட காலம் 48 ஆண்டுகள்!

இக்காலத்தாழ்வுக்கு அதிகாரிகளை மட்டும் குறைகூறுதல் பொருந்தாது. கெடாமல் வைத்திருப்பதற்காகச் சாற்றைக் காய்ச்சிச் சுண்டவைக்கும் முறையை லிண்டே பரிந்துரைத்தார். காய்ச்சும்போது அதன் ஆற்றல் குறைந்துவிடும் என்பதை அவர் அறிந்திலர். உண்மையைக் கண்டறிவது ஒரு திறன். அதனைச் சிதையாமல் பிறர் கைக்குக் கொண்டு சேர்ப்பது மற்றொரு திறன் என்பதையே இந்நிகழ்ச்சி உணர்த்துகின்றது.

நோயும் நீரும்

காலரா போன்ற கடும் வயிற்றுப்போக்கில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் உடலிலிருந்து வெளியேறிவிடும் நீரும் உப்புமே ஆகும். கடுமையான காலராவில் ஒரு மணி நேரத்திற்கு ஒரு லிட்டர் அளவுக்குக்கூட நீர் இழப்பு நேரலாம். இழந்ததை ஈடுசெய்தால் நோயாளி பிழைத்துக்கொள்வார். 1832ஆம் ஆண்டிலேயே ஸ்காட்லாந்தின் லீத் நகரில் தாமஸ் லட்டா என்ற மருத்துவர் உப்புநீரை நாளத்தின் வழியே செலுத்திச் சிலரைக் காப்பாற்றினார். நம் மக்கள் 'குளுக்கோஸ் ஏற்றுதல்' என்று வழங்கும் முறைக்கு அதுவே முன்னோடி. ஆனால் அதற்குத் தூய்மைப்படுத்தப்பட்ட நீர்மம் வேண்டும், ஊசி வேண்டும், பயின்ற கைகள் வேண்டும். இவை எதுவும் இல்லாத சிற்றூர்களில்தான் காலரா மிகுதியாக உயிர்களைக் கொண்டு சென்றது.

வாய்வழியே உப்புநீரைக் கொடுத்தால் போதாதா என நாம் வினவலாம். வெறும் உப்புநீரை நோயுற்ற குடல் ஏற்பதில்லை. அதனுடன் குளுக்கோஸ் சேரும்போது நிலைமை மாறிவிடுகிறது. குளுக்கோஸும் உப்பிலுள்ள சோடியமும் ஒன்றையொன்று துணைக்கொண்டு ஒரே வழியாகக் குடற்சுவரைக் கடக்கின்றன. அவற்றைப் பின்தொடர்ந்து நீரும் உடலுக்குள் செல்கிறது. இவ்விணைப்பினை ராபர்ட் கிரேன் என்னும் அறிஞர் 1960இல் பிராக் நகரில் விளக்கினார். காலரா நச்சு இவ்வழியை அடைப்பதில்லை என்பதே இச்சிகிச்சையின் அடிப்படையாகும்.

இதற்கு முன்னரே, 1953இல், கல்கத்தா மருத்துவர் ஹேமேந்திரநாத் சாட்டர்ஜி காலரா நோயாளிகள் 186 பேருக்கு உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை வாய்வழியே அளித்து நலம் கண்டதை 'லான்செட்' இதழில் எழுதினார். உலகம் அதனைப் பொருட்படுத்தவில்லை. உட்சென்ற நீர் எவ்வளவு, வெளியேறிய நீர் எவ்வளவு என்ற கணக்கு அவ்வாய்வில் இல்லை. ஒப்பிட்டு நோக்க வேறொரு குழுவும் இல்லை. ஆய்வு வலுவாக அமைந்தாலன்றிப் பிறர் அதனை நம்பார். எனினும் அதனை மீண்டும் செய்து பார்க்கக்கூட எவரும் விரையவில்லை என்பதும் வருந்தத்தக்கதே.

டாக்காவும் பன்காவும்

இன்றைய வங்காள தேசத்தின் தலைநகரான டாக்காவில் 1960இல் காலரா ஆய்வுக்கூடம் ஒன்று நிறுவப்பட்டது. அங்கே டேவிட் நாலின், ரிச்சர்ட் கேஷ் என்னும் இளம் அமெரிக்க மருத்துவர்களும், ரஃபீகுல் இஸ்லாம், மஜீத் மொல்லா ஆகிய அந்நாட்டு மருத்துவர்களும் இணைந்து பணியாற்றினர். நோயாளி இழக்கும் நீரை அளந்து, அதே அளவு கரைசலைக் குடிக்கச் செய்தனர். நாளத்தின் வழியே செலுத்த வேண்டிய நீர்மத்தின் தேவை ஏறத்தாழ 80 விழுக்காடு குறைந்தது. இம்முடிவு 1968இல் வெளியாயிற்று. அதே காலத்தில் கல்கத்தாவிலும் இத்தகைய ஆய்வுகள் வெற்றி பெற்றன.

ஆயினும் மருத்துவ உலகம் ஐயம் நீங்கவில்லை. மருத்துவமனையில், நிபுணரின் மேற்பார்வையில் நடந்தது வெளியில் நடக்குமா என்று கேட்டனர். அதற்கான விடை ஒரு பேரிடரின் நடுவே கிடைத்தது. 1971இல் வங்காள தேச விடுதலைப் போரின்போது இலட்சக்கணக்கான ஏதிலியர் எல்லை கடந்து இந்தியாவிற்குள் வந்தனர். மேற்கு வங்கத்தின் பன்காவ் முகாமில் காலரா பரவியது. அங்குப் பணியாற்றிய மருத்துவர் திலீப் மகலநபீசிடம் நாளவழி நீர்மம் தீர்ந்துகொண்டிருந்தது. வேறு வழியின்றி அவர் குளுக்கோஸ், சமையல் உப்பு, சமையல் சோடா மூன்றையும் அளந்து பொட்டலங்களாகக் கட்டச் செய்தார். நீரில் கரைத்துப் பீப்பாய்களில் நிரப்பினார். நோயாளியின் தாயும் தமக்கையும் உடன் வந்த உறவினருமே அதனைக் குவளையில் ஏந்திப் புகட்டினர்.

வாயால் குடிக்கும் மருந்து தாழ்ந்ததோ என மக்கள் தயங்கினர். ஊசிவழி ஏறும் 'சலைன்' என்னும் சொல்லை அவர்கள் அறிந்திருந்தனர். எனவே இதனையும் 'வாய்வழி சலைன்' என்றே மருத்துவர் அழைத்தார், தயக்கம் அகன்றது. முகாமில் முன்னர் நூற்றுக்கு முப்பதாக இருந்த இறப்பு, இம்முறையால் நூற்றுக்கு நான்கினும் கீழாகக் குறைந்தது. ஒரு லிட்டர் கரைசலுக்கு ஆன செலவு 11 பைசா மட்டுமே.

இவ்வனுபவத்தை உலக சுகாதார நிறுவனத்தில் பணியாற்றிய தீமன் பருவா நேரில் கண்டுணர்ந்து அந்நிறுவனத்தின் கவனத்திற்குக் கொண்டு சென்றார். 1978ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் வயிற்றுப்போக்குக் கட்டுப்பாட்டினைத் தனித் திட்டமாக மேற்கொண்டது. அதே ஆண்டில் 'லான்செட்' இதழ், குளுக்கோஸும் உப்பும் குடலில் இணைந்து செல்வதைக் கண்டறிந்தமை இந்நூற்றாண்டின் தலையாய மருத்துவ முன்னேற்றமாக விளங்கக்கூடும் என்னும் கருத்தினைத் தலையங்கத்தில் வெளியிட்டது. மகலநபீஸ் 2022இல் மறைந்தார். 2023இல் இந்திய அரசு அவருக்குப் பத்ம விபூஷண் விருதினை அறிவித்தது. அறிவு மட்டுமன்றி, அறிந்தவர்க்குரிய நன்றியும் காலந்தாழ்ந்தே வந்தது!

அடுக்களையை அடைந்த விதம்

கொள்கை பிறந்துவிட்டது, அது இல்லத்திற்குள் நுழைந்தது எவ்வாறு? இவ்வினாவுக்குச் சிறந்த விடையளித்த நாடு வங்காள தேசமே. ஃபஸ்லே ஹசன் ஆபித் 1972இல் தோற்றுவித்த 'பிராக்' என்னும் தொண்டு நிறுவனம், 1980 முதல் 1990 வரை வீடுவீடாகச் சென்று இக்கரைசலைக் கற்பித்தது. ஒரு கோடியே இருபது இலட்சத்திற்கும் மேற்பட்ட இல்லங்களை அப்பணி எட்டியது.

அக்காலத்தில் பொட்டலங்கள் எல்லா ஊர்களுக்கும் கிடைக்கவில்லை. எனவே எல்லார் வீட்டிலும் இருக்கும் உப்பையும் வெல்லத்தையும் கொண்டே கரைசல் செய்யக் கற்பித்தனர். மூவிரல் நுனியால் எடுத்த உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர்: இவையே அளவுகள். அரை சேர் எவ்வளவு என்பதை அந்தந்த வீட்டுப் பாத்திரத்திலேயே கோடிட்டுக் காட்டினர். பெண் பணியாளர் தாமே செய்துகாட்டியதோடு நில்லாமல், தாய்மார்களைச் செய்யச் சொல்லி அருகிருந்து திருத்தினர். அவர்கள் செய்த கரைசலின் மாதிரிகள் உப்பின் அளவு சரிதானா என்று சோதிக்கப்பட்டன.

இத்திட்டத்தில் நாம் கருத்தூன்றிக் கற்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. பணியாளர்க்கு ஊதியம், அவர்கள் எத்தனை வீடுகளுக்குச் சென்றனர் என்பதைப் பொறுத்து வழங்கப்படவில்லை. சில வாரங்கள் கழித்து வேறொருவர் சென்று, தாய்மார்கள் எவ்வளவு நினைவில் வைத்திருக்கின்றனர் என்று கேட்டறிவார், அதற்கேற்பவே ஊதியம். கற்பித்தவரின் உழைப்பு கற்றவரின் அறிவைக் கொண்டே மதிப்பிடப்பட்டது. ஆசிரியப் பணியில் உள்ள நமக்கும் இது சிந்தனைக்குரியதன்றோ?

ஆயினும் தொடக்கத்தில் மற்றொரு சிக்கல் எழுந்தது. தாய்மார்கள் அளவுகளைச் சரியாகவே கூறினர். ஆனால் குழந்தைக்கு நோய் வந்தபோது கரைசலைக் கொடுத்தவர் சிலரே. காரணத்தை ஆராய்ந்தபோது இரண்டு உண்மைகள் புலப்பட்டன. முதலாவது, கற்பித்த பணியாளர் சிலருக்கே இம்மருந்தில் நம்பிக்கை இல்லை. தமக்கு நோய் வந்தால் மாத்திரைகளையே நாடினர். எனவே அவர்களை டாக்கா மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று, கடும் நோயாளிகள் கரைசலைக் குடித்து எழுவதைக் கண்ணாரக் காணச் செய்தனர். இரண்டாவது, குடும்பத்தின் ஆண்கள் இதில் சேர்க்கப்படவில்லை. எனவே பள்ளிவாசல்களிலும் கடைவீதிகளிலும் பள்ளிக்கூடங்களிலும் ஆண்களுக்கென விளக்கக் கூட்டங்கள் நடத்தப்பெற்றன. அதன் பின்னரே பயன்பாடு உயர்ந்தது. இன்று அந்நாட்டில் வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைகளில் ஏறத்தாழ நான்கில் மூவர்க்கு இக்கரைசல் கிடைக்கின்றது.

1980ஆம் ஆண்டையொட்டி உலகில் ஆண்டுதோறும் நாற்பது இலட்சத்திற்கும் மேற்பட்ட இளங்குழந்தைகள் வயிற்றுப்போக்கால் மடிந்தனர். இன்று அவ்வெண்ணிக்கை ஏறத்தாழ நான்கரை இலட்சமாகக் குறைந்துள்ளது. தூய குடிநீரும் தடுப்பூசியும் நல்லுணவும் இதில் பங்கு கொண்டவையே. எனினும் உப்பு சர்க்கரைக் கரைசலின் பங்கு பெரிது.

இன்றைய நிலை

ஆய்வும் நடைமுறையும் ஒரே முறை சந்தித்துப் பிரிந்துவிடுபவை அல்ல. உப்பும் குளுக்கோஸும் சற்றுக் குறைந்த கரைசல் குழந்தைகளுக்கு மேலும் ஏற்றது எனப் பின்னர் அறியப்பட்டது. 2002இல் உலக சுகாதார நிறுவனம் அளவுகளைத் திருத்தியது. வயிற்றுப்போக்கின்போது துத்தநாக மாத்திரை கொடுத்தால் நோயின் காலமும் கடுமையும் குறையும் என்ற ஆய்வுகளின் அடிப்படையில், அதனையும் சேர்த்து அளிக்குமாறு 2004இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப் நிறுவனமும் அறிவுறுத்தின.

நம் நாட்டில் இவை எந்த அளவுக்கு வழக்கமாகியுள்ளன? 2019-21ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைகளுள் நூற்றுக்கு 61 பேர்க்கே கரைசல் கொடுக்கப்பட்டது. துத்தநாகம் பெற்றவர் நூற்றுக்கு 31 பேர் மட்டுமே. கரைசலின் ஆய்வு ஒன்று கல்கத்தாவிலும், அதன் பெருஞ்சோதனை பன்காவிலும் நம் மண்ணிலேயே நிகழ்ந்தன என்பதை நினைக்கும்போது இக்கணக்கு நம்மை நாணச் செய்கின்றது.

மருத்துவர்கள் அறியாமையால்தான் எழுதித் தருவதில்லையோ? கர்நாடகத்திலும் பீகாரிலும் இரண்டாயிரத்திற்கும் மேற்பட்ட தனியார் மருத்துவம் செய்வோரிடம் நடத்தப்பட்ட ஓர் ஆய்வு 2024இல் 'சயின்ஸ்' இதழில் வெளிவந்தது. பெரும்பாலோர் கரைசலின் பயனை அறிந்தே இருந்தனர். கடையில் இருப்பு இல்லாமை, வேறு மருந்து விற்பதில் கிடைக்கும் இலாபம் ஆகியவை சிறு காரணங்களாகவே அமைந்தன. தலையாய காரணம், நோயாளியின் வீட்டார் கரைசலை விரும்பமாட்டார்கள் என்று மருத்துவர் தாமாகவே எண்ணிக்கொண்டதுதான். தாயோ, நல்லதாயின் மருத்துவர் எழுதித் தருவார் என்று வாய் திறவாமல் இருக்கிறாள். இருவரது மௌனத்திற்கும் இடையே குழந்தை வாடுகின்றது!

கொள்கையின் இன்றியமையாமையை மற்றொரு நிகழ்வும் காட்டுகின்றது. சர்க்கரை மிகுந்த இனிப்புப் பானங்கள் சில 'ஓ.ஆர்.எஸ்.' என்ற பெயரைத் தாங்கிக் கடைகளில் விற்கப்பட்டு வந்தன. மிகையான சர்க்கரை குடலுக்குள் மேலும் நீரை இழுத்து வயிற்றுப்போக்கைப் பெருக்கும். உரிய அளவுகளில் அமையாத பானங்கள் அப்பெயரைத் தாங்கக் கூடாது என இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம் 2025 அக்டோபரில் ஆணையிட்டது.

நம் பங்கு

நம் ஊர்களில் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு கண்டால், தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும் என அஞ்சி நீரையும் உணவையும் நிறுத்தும் பழக்கம் முற்றிலும் மறைந்துவிடவில்லை. தொக்கம் எடுப்பதற்கும் ஓதிப் பார்ப்பதற்கும் செல்வோர் உளர். பெரியோர்களின் பரிவை நாம் குறைகூறவில்லை. துஆவும் தொடரட்டும்; கரைசலும் தொடரட்டும் என்பதே நம் வேண்டுகோள்.

செய்ய வேண்டியது எளிது. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி அமைந்த பொட்டலம் முழுவதையும், அதில் குறித்துள்ள அளவு தூய நீரில் ஒரே முறையில் கரைத்தல் வேண்டும். சிறிது சிறிதாகப் பிரித்துக் கரைத்தல் கூடாது. கரைத்ததை 24 மணி நேரத்திற்குள் பயன்படுத்த வேண்டும். பொட்டலம் கிடைக்காதவிடத்து ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைக்கலாம். உப்பு மிகுதல் தீங்கு பயக்கும். ஒவ்வொரு முறை கழிந்த பின்னும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லி லிட்டர் வரை சிறிது சிறிதாகப் புகட்ட வேண்டும். தாய்ப்பாலையும் உணவையும் நிறுத்தலாகாது. குழந்தை குடிக்க இயலாமல் சோர்ந்தாலும், கண்ணோ உச்சிக்குழியோ குழிந்தாலும், மலத்தில் இரத்தம் கண்டாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

ஜமாஅத் பெரியவர்களிடம் நாம் வேண்டுவது ஒன்று. மழைக்காலத்தின் தொடக்கத்தில் ஒரு ஜுமுஆவிலேனும் இச்செய்தி தந்தையர் செவிக்கு எட்டட்டும். வங்காள தேசத்துப் பள்ளிவாசல்கள் செய்த பணியை நம் மஹல்லாக்களும் செய்யலாம். பெண்கள் மதரஸாக்களில் கரைசலைச் செய்துகாட்டலாம்.

நாட்டு நலப்பணித் திட்ட முகாம்களுக்குச் செல்லும் மாணவர்கள் துண்டறிக்கை வழங்குவதோடு அமையாது, தாய்மார்களைச் செய்யச் சொல்லிக் காண வேண்டும். அடுத்த மாதம் மீண்டும் சென்று கேட்க வேண்டும். மருத்துவரிடமும் மருந்துக் கடையிலும், "கரைசல் பொட்டலமும் துத்தநாக மாத்திரையும் வேண்டும்" என்று வாய்விட்டுக் கேட்குமாறு கற்பிக்க வேண்டும். மேற்கூறிய ஆய்வின் முடிவை நடைமுறையாக்கும் வழி அந்த ஒற்றை வாக்கியமே.

தமிழ் பயில்வோர்க்கும் இதில் தனிக் கடமை உண்டு. 'நீரிழப்பு' என்று நாம் எழுதுகின்றோம். தாயோ 'நாக்கு வறண்டுபோச்சு, உச்சிக்குழி விழுந்துபோச்சு' என்கிறாள். இவ்விரு மொழிகளுக்கும் இடையே பாலம் அமைப்பவர் யார்? மூவிரல் உப்பு, ஒரு பிடி வெல்லம் என்று கூறியபோதுதான் ஆய்வு வங்கத் தாயின் கைக்கு எட்டியது. 'வாய்வழி சலைன்' என்று அழைத்தபோதுதான் ஏதிலியர் நம்பிக் குடித்தனர். சரியான சொல்லும் ஒரு மருந்தே எனலாம்.

முடிவாக

நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து பணி செய்பவன் ஆகிய நான்கும் கூடியதே மருத்துவம் என வள்ளுவப் பெருந்தகை வகுத்துரைத்தார். ஆய்வு மருந்தைத் தருகின்றது. கல்லூரிகள் மருத்துவரைத் தருகின்றன. நான்காவதாக நிற்பவரே பெரும்பாலும் மறக்கப்படுகின்றார். பன்காவ் முகாமில் குவளை ஏந்திய தமக்கையும், வங்கத்துச் சிற்றூர்களில் பாத்திரத்தில் கோடிட்டுக் காட்டிய பணிப்பெண்ணும் அந்நான்காம் இடத்தை நிரப்பியமையாலேயே ஆய்வு உயிர் காத்தது.

அவ்விடம் நம் தெருக்களில் இன்னும் காலியாகவே உள்ளது. அதனை நிரப்ப மருத்துவப் பட்டம் வேண்டியதில்லை. கற்றதைப் பயன் தரும் கல்வியாக்கும் பேற்றினை எல்லாம் வல்ல இறைவன் நம் அனைவர்க்கும் அருள்வானாக!